எருமை பஸ் ஏறிய கேசட்

1

ஜெர்மனியின் தெற்கே ஒரு சிற்றூரில் நாங்கள் குடியேறி இந்த இலையுதிர் காலத்தோடு பதினைந்து வருஷம் ஆகிறது. கொண்டாட்டம் என்று ஒன்றுமில்லை. மகள் நித்யாவின் பழைய கேசட் பெட்டியைத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. சிடி வந்துவிட்டது. "இதெல்லாம் தூக்கிப் போட்டுடலாம்மா" என்கிறாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது ஊர்ச் சங்கு ஊதியது. கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இங்கே தீயணைப்புப் படை என்பது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. ரொட்டிக் கடைக்காரர், பள்ளி வாத்தியார் எல்லோரும் அதில் உண்டு. அவர்களைக் கூப்பிடும் சைரன், எங்கள் பேச்சில் சங்கு, சரியாக இருக்கிறதா என்று சனிக்கிழமை மதியம் ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள். வந்த புதிதில், முதல் சனிக்கிழமை, நான் என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "இந்த ஊர்ப் பாலை எவ்வளவு காய்ச்சினாலும்" என்று ஆரம்பித்தேன், சங்கு ஊதியது, நிறுத்தினேன். ஊதி முடிந்தது. "ஆடையே கட்ட மாட்டேங்குது" என்று முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எனக்கு அதில் விநோதமாக எதுவும் படவில்லை. நான் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எதிர் வீடு கோயம்புத்தூர், பின் வீடு தஞ்சாவூர். ஊருக்கு ஊர் பேச்சும் குழம்பும் வேறாக இருந்தாலும் தொழிற்சாலைச் சங்கு எல்லோருக்கும் ஒன்றுதான். அது ஊதினால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அதனால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். சண்டை போடும் பெண்கள் நீட்டிய கையை அப்படியே வைத்திருப்பார்கள். திட்டிக்கொண்டிருக்கும் அப்பா பாதி வசவோடு நிற்பார். ஊதி ஓய்ந்ததும் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவோம். "எங்கே விட்டேன்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. நடுவில் சங்கு ஊதியதே யாருக்கும் நினைவிருக்காது.

என் வீட்டுக்காரர் பூந்தமல்லி. நெடுஞ்சாலை ஓரத்து வீடு. "லாரி போறப்பல்லாம் நாங்க பேச்ச நிறுத்தியிருந்தா, பூந்தமல்லியில ஒருத்தனுக்கும் கல்யாணப் பேச்சே முடிஞ்சிருக்காது" என்பார்.

நித்யா இந்த ஊரில் பிறந்தவள். சங்கு ஊதினால் குரலை உயர்த்தி அதன் மேலேயே பேசுவாள். நான் வாயடைத்து நிற்பதைப் பார்த்துத் தன் தோழிகளிடம் ஜெர்மனில் ஏதோ சொல்லுவாள், அவர்கள் சிரிப்பார்கள்.

2

இந்த நாட்டுப் பிள்ளைகள் கதைக் கேசட்டிலேயே வளர்கிறார்கள். நூலகத்தில் ஒரு சுவர் முழுக்கக் கேசட்தான். கதை சொல்பவர் ஒருவர், பாத்திரங்களுக்கு வேறு வேறு குரல்கள், கதவு கிறீச்சிடும், குதிரை ஓடும், மழை பெய்யும். ஆறு வயதில் நித்யா தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவற்றைக் கேட்பாள். முடிந்ததும் தீர்ப்பு வரும்.

"இந்த அங்கிள் கதை சொல்லல. படிக்கிறார்."

"இந்த ஆன்ட்டி ஜோக் வர்றதுக்கு முன்னாடியே சிரிக்கிறாங்க. அப்புறம் நான் எதுக்கு?"

பிடித்த கேசட்டின் மேல் பச்சைத் தவளைப் படம் ஒன்றை ஒட்டுவாள். சுலபத்தில் ஒட்ட மாட்டாள்.

ஜெர்மன் கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த மொழி கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும், நகைச்சுவைக்குப் போதாது. எல்லோரும் சிரித்து முடித்தபின் நான் சிரிப்பேன், அதுவும் மரியாதைக்காக. தமிழில் நான் அவளுக்குக் கதை சொன்னால் கேட்பாள். சமர்த்தாகப் பதில் சொல்வாள். சிரித்ததில்லை. என் பெண்ணுக்குத் தமிழ் புரிந்தது, ஆனால் அது அவளுக்குச் சாப்பிடவும் பல் தேய்க்கவும் கூப்பிடும் மொழியாகவே இருந்தது. ஒருநாள் அவள் ஜெர்மனில் சிரிக்க, நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்கலாம். அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடிக்குப் போன் செய்வோம். குவார்ட்டர்ஸில் என் தம்பி செல்வத்துக்குப் பக்கத்து வீட்டில் போன் உண்டு. அப்பா ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின், அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்து அவனும் அங்கேயே குடியிருந்தான். வீட்டில் விருதுநகர்ப் பேச்சு, வெளியில் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைப் பையன்களோடு ஆடிய ஆட்டம். கடைசியில் அவன் நாக்கில் நின்றது முத்தாபுதுப்பேட்டைதான்.

அவனிடம் சொன்னேன்.

"இன்னாக்கா இது, கொயந்த தமிள்ல சிரிக்கலியா?" என்றான். "உடு. நான் சிரிக்க வெக்கிறேன்."

செல்வத்துக்கும் அவன் மனைவி கௌசல்யாவுக்கும் அப்போது குழந்தை இல்லை. நித்யாவை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான், இரண்டு வயதில். அவன் மீசையைக் கண்டு அவள் வீறிட்டு அழுததுதான் அவர்களுக்குள் நடந்த ஒரே பேச்சுவார்த்தை. தாய்மாமன் என்று அவள் மனதில் ஏதாவது ஒரு இடம் பிடிக்க அவனுக்கு வேறு வழியும் இல்லை.

3

முதல் கேசட் தபாலில் வந்து சுங்க அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டது. நேரில் வந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று சீட்டு வந்தது. பேருந்து பிடித்துப் போனேன். பனிமூட்டமான காலை, பேருந்தில் நான் ஒருத்திதான்.

கவுன்ட்டரில் இருந்தவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். "என் தம்பியின் குரல்" என்று சொல்ல நினைத்து, "உள்ளே என் தம்பி இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விலை என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். விலை தெரியாத பொருளுக்கு அவருடைய தாளில் இடமில்லை. கடைசியில் மேஜையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெட்டியை நிறுத்திவிட்டு, கேசட்டை அதில் போட்டார்.

அந்த ஜெர்மன் அலுவலகத்துக்குள் என் தம்பி பேசினான்.

"மருமவளே, நல்லா கீறியா? நான் தான் ஒன் மாமா. மீசைய எடுத்துட்டேன், பயப்படாம கேளு."

பின்னால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒரு கூட்டம் சிரித்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி. பிரஷர் குக்கர். எனக்குக் காலுக்குக் கீழே ஆவடி வீட்டின் சிமென்ட் தரை வந்துவிட்டது, ஈரத்துணியால் துடைத்துக் காயும்போது இருக்கும் அந்தக் குளிர்ச்சியோடு. அதிகாரி ஒரு வார்த்தை புரியாமல், தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார். பிறகு நிறுத்தி, கேசட்டை என்னிடம் நீட்டி, "உங்கள் தம்பி நன்றாகச் சொல்கிறார்" என்றார். விலை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

4

கதை இதுதான். பருத்திப்பட்டு ஏரியில் ஊறிக்கொண்டிருந்த எருமை ஒன்றுக்குத் திடீரென்று ரோஷம் வந்து, வேலை தேடிக் கிளம்பி, பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிடுகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். மனுஷனுக்கு இரண்டு காலுக்கு ஒரு டிக்கெட் என்றால் தனக்கு நாலு காலுக்கு எத்தனை என்று எருமை கேட்கிறது. வாலுக்குத் தனியா என்றும் கேட்கிறது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் உருண்டு புரள்கிறார்கள். நித்யா மல்லாந்து படுத்து, முகத்தில் சலனமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டை மடிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

"கண்டக்டருக்கு வந்துச்சி பாரு கோவம்" என்றான் செல்வம். "விசில எடுத்தாரு. வாயில வெச்சாரு. வெச்சி..."

அப்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது.

கேசட்டில் முழு நீளத்துக்கும் ஊதியது. பேசுகிறவனும் கேட்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள், நாடா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் பட்டனை அமுக்க வேண்டும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆரம்பத்தில் உறுமி, உச்சிக்குப் போய் நின்று, மெல்ல இறங்கி, கடைசியில் ஒரு முனகலோடு ஓய்ந்தது. உடனே, ஒன்றுமே நடக்காதது போல, செல்வம் சொன்னான்:

"...ஊதலாமா வாணாமான்னு ரோசனை பண்ணாரு."

நித்யா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மூச்சு வாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, தரையைக் கையால் அடிக்கிறாள். "அம்மா, திரும்பப் போடுங்க! திரும்ப!" போட்டோம். மறுபடியும் அதே சிரிப்பு. என் மடியில் விழுந்து, தமிழில் அவள் சிரித்த முதல் சிரிப்பு. எருமைக்குச் சிரிக்கவில்லை, கண்டக்டருக்கும் இல்லை, எங்கள் குவார்ட்டர்ஸ் சங்குக்குச் சிரித்தாள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"மாமா ரொம்ப நல்லா சொல்றாங்க. எவ்ளோ நேரம் வெயிட் பண்றாங்க! யாருமே இவ்ளோ நேரம் வெயிட் பண்ண மாட்டாங்க" என்று தீர்ப்பளித்து, அந்தக் கேசட்டின் மேல் தவளையை ஒட்டினாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் போனை எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டார்.

"மச்சான், எருமைய விட ஒங்க சங்குதான் பிரமாதம். பொண்ணு அதுக்குத்தான் உருண்டு சிரிச்சா."

"இன்னா சங்கு மாமா?"

"கேசட்டுல ஊதுதே, அந்தச் சங்குதான்."

செல்வம் நம்பவில்லை. கூட இருந்த பையன்களைக் கேட்டிருக்கிறான். சங்கா, அன்னிக்கு ஊதவே இல்லையே என்று எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவனிடம் வேறு பிரதியும் இல்லை. அடுத்த வாரம் போனில் அந்த இடத்தை அவனுக்குப் போட்டுக் காட்டினோம். நித்யா இந்தப் பக்கம் சிரித்தாள்.

"அசிங்கமா பூட்ச்சேக்கா" என்றான் கடைசியில். "பாரின்ல பொறந்த கொயந்த கேக்கற கேசட்டு. அதுல போயி பேக்டரி சங்கு. நம்மள இன்னான்னு நெனைக்கும்?"

அவளுக்கு அதுதான் பிடித்தது என்று எத்தனை சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. வேலையில் அவன் அப்படித்தான். செய்த சாமானில் ஒரு கீறல் இருந்தால் தூக்கம் வராது அவனுக்கு.

இரண்டாவது கேசட் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் சென்னீர்குப்பத்தில், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒலிபரப்பும் விளம்பரங்களைப் பேசிப் பதிவு செய்யும் ஓர் அறை உண்டாம். சுவரெல்லாம் சாக்கு அடித்து, ஜன்னலைச் சாத்தி, வெளிச் சத்தம் ஒரு பொட்டு வராமல் செய்திருப்பார்களாம். அங்கே போய்ப் பதிவு செய்திருந்தான். தொடக்கத்தில் வீணை. அப்புறம் என் தம்பியின் குரல், எனக்கே அடையாளம் தெரியவில்லை:

"அன்புள்ள நித்யாவுக்கு மாமாவின் வணக்கம். நடத்துநர் ஊதுகுழலை எடுத்தார். வாயில் வைத்தார். ஊதலாமா வேண்டாமா என்று யோசித்தார்."

நித்யா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடத்துநர் யாரு? புது ஆளா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசங்க எல்லாம் எங்க?" என்றாள். அதன்பின் எழுந்து போய் ஒரு ஜெர்மன் கேசட்டைப் போட்டாள். தவளை இல்லை.

செல்வம் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டான், "இன்னா சொல்லிச்சி கொயந்த?" கேட்டுக்கிட்டு இருக்கா, கேட்டுக்கிட்டு இருக்கா என்றே நான் ஓட்டினேன். என்னதான் செய்வேன்? அந்தச் சாக்கு அறைக்குள் விசிறி கூடப் போடாமல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசியிருக்கிறான். ஒருநாள் அவனே சொன்னான்:

"பிடிக்கலன்னா சொல்லிடுக்கா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அதுக்கு அந்த ஊரு கதைங்கோதான் செட்டாவும். நம்முள்து வாணாம், நிறுத்திக்கலாம்."

போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்றேன். நிறுத்திக்கொண்டால் இரண்டு பேரும் அவரவர் பாட்டுக்கு இருந்துவிடுவார்கள். யாருக்கும் யார் மேலும் கோபம் இருக்காது. ஊர் உறவெல்லாம் அப்படித்தான் போகிறது, இங்கே பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நித்யாவிடம் உள்ளதைச் சொன்னேன். மாமா இனிமேல் கதை அனுப்ப மாட்டார் என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்? நான் நல்லா இல்லன்னு மாமாகிட்ட சொல்லவே இல்லியே. சொன்னாத்தானே அடுத்தது நல்லா பண்ணுவாங்க" என்றாள்.

6

சனிக்கிழமை, சமையல் ஆகிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரங்கள் பாதி பனிமூட்டத்தில் மறைந்திருந்தன. வெறும் கேசட் ஒன்றைப் போட்டு, சிவப்புப் பட்டனை அழுத்தி, நித்யா தன் மாமாவுக்குத் தீர்ப்பு சொல்லத் தொடங்கினாள். அவள் தமிழில் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"மாமா, நான் நித்யா. ரெண்டாவது கேசட் நல்லா இல்ல. நீங்க ஸ்கூல் டீச்சர் மாதிரி பேசுறீங்க. ஒங்களுக்கு பயமா? யாரு ஒங்கள ரூமுக்குள்ள பூட்டி வெச்சாங்க? கண்டக்டர் கத்தணும். அவரு பேரு கண்டக்டர்தான், மாத்தாதீங்க. பசங்களக் கூப்பிடுங்க. எனக்கு அவங்க எதுக்கு சிரிக்கிறாங்கன்னு பாதி தெரியாது, ஆனா அவங்க சிரிக்கட்டும். அப்புறம் அந்த சங்கு. அது ரொம்ப முக்கியம். எருமைக்கு நீங்க..."

எங்கள் ஊர்ச் சங்கு ஊதியது.

மணி பன்னிரண்டு ஆனதை நான் கவனிக்கவில்லை. ஜெர்மன் கேசட் கேட்டே வளர்ந்த பெண், பாழாகிவிட்டதே என்று கோபப்படுவாள் என்று நிறுத்தும் பட்டனை அமுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயை இறுக்கி மூடி, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். நாடா ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் மேல் மூடி நடுங்கியது. என் பெண் பிறந்ததிலிருந்து எத்தனை சனிக்கிழமை வந்திருக்கும், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் சங்குக்கு நின்றாள். இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி, அது ஏறி, நின்று, இறங்கி ஓய்கிற வரைக்கும் பேசாமல் இருந்தோம்.

"...கண்டிப்பா வேல வாங்கித் தரணும்" என்று முடித்தாள்.

7

கேசட் போய்ச் சேர நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது மறுமுனையில் ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள் போலிருக்கிறது.

"யக்கா, கேசட்டு நேத்திக்கு வந்துச்சி" என்றான் செல்வம். "ஊட்ல அல்லாரும் குந்திகினு கேட்டோம். இன்னா வாயி அதுக்கு! என்னிய டீச்சருன்னுது. கௌசி சிரிச்சி சிரிச்சி ஓஞ்சா."

"ரொம்பப் பேசிட்டாளா?"

"அட நீ வேற. கேளு. நடுவுல சங்கு ஊதிச்சிக்கா. நானு கௌசி கைல ஏதோ சொல்லிகினு இருந்தேன், கப்புனு நிறுத்திட்டேன். பசங்க கூட மூச்சு உடல. எதிரூட்டு அண்ணாத்தே லேட்டாயிடிச்சின்னு டிபன் பாக்ஸ எடுத்துகினு சைக்கிளாண்ட பூட்டாரு. சங்கு அடங்கி, புள்ள திரும்பப் பேசனப்புறம்தான் எனக்கே ஒறைக்கிது, ஊதனது ஒங்க ஊரு சங்குன்னு."

ஆப்பிள் மரமும் பனியுமான இந்த ஊரின் சங்கு ஆவடியில் ஊதியிருக்கிறது, ஒரு மனிதர் அதைக் கேட்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்.

நித்யா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "சிரிச்சாங்களாம்மா? சங்குக்கு சிரிச்சாங்களா? கேளுங்க!"

கேட்டேன்.

"இல்லன்னு சொல்லுக்கா" என்றான் செல்வம். "அப்ப ஒருத்தரும் சிரிக்கல. புள்ள திரும்ப எப்பப் பேசும்னு அல்லாரும் காத்துகினு இருந்தோம்."

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "மாமா, அந்த எருமை விஷயம்" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.